வீட்டுக்காரர் யார்?

(நமது சங்கத்தின் மாதாந்திரப் பொதுக்கூட்டத்தில் வீட்டுச் சேமிப்புக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. அன்று வர இயலாத தோழர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே அச்சிடுகிறோம்.)

தலைவர் அவர்களே, தாய்மார்களே, தோழர்களே, குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே!

நாங்கள் மேடைப் பேச்சாளர்கள் அல்ல. பத்தாவது தேறி, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைப்பவர்கள். கணக்கைக் கணக்காகச் சொல்லத்தான் தெரியும். இன்றும் ஒரு கணக்கைத்தான் உங்கள் முன்னால் வைக்கப் போகிறோம். அதில் வரவும் உண்டு, பற்றும் உண்டு. பற்றில் ஒரு பெரிய தொகை நம் சங்கத்தின் தலையிலேயே விழுகிறது. அதை மறைக்காமல் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறோம்.

தாராவியில் மேல்மாடி ரூம் ஒன்றில் வாடகைக்கு இருக்கும் ஒரு தாயைப் பற்றியது இந்தக் கணக்கு. உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். "பேரைப் போட்டுராதீங்க அண்ணாச்சி, ஊர்ல இருந்து போன் மேல போன் வரும்" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இட்லி அக்கா என்றே சொல்வோம். இரவு இரண்டரைக்கு எழுந்து அடுப்பு மூட்டி, ஐந்தரைக்கெல்லாம் ஸ்டேஷன் வாசலில் டப்பாவோடு நிற்பவர். முதல் ஷிப்ட் போகும் நம் ஆட்களில் பாதிப்பேர் அவர் கையால்தான் சாப்பிடுகிறோம்.

2010-இல் அவருடைய கணவர் வேலை தேடிப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. அப்போது மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. இறந்தாரா, இருக்கிறாரா, வேறு குடும்பம் வைத்திருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. தாலி கழுத்தில்தான் இருந்தது. ஆள்தான் இல்லை.

அதற்குப் பிறகு அவர் எத்தனை ரூம் மாறினார் தெரியுமா? எங்களுக்குத் தெரிந்து ஒன்பது. பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்ததும் டெபாசிட்டைக் கூட்டு என்பார்கள். இல்லையென்றால் காலி செய் என்பார்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டுக்கல்லையும் கிரைண்டரையும் ஏணிப்படியில் இறக்கி, வேறு ஏணிப்படியில் ஏற்ற வேண்டும். ஒரு ரூமில் "ஆம்பள இல்லாத வீடு" என்று சொல்லியே காலி செய்யச் சொன்னார்கள். இன்னொன்றில், ராத்திரி கிரைண்டர் ஓடினால் தூக்கம் கெடுகிறது என்றார்கள். கிரைண்டர் ஓடாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது என்பதை யார் நினைத்தார்கள்?

தோழர்களே! 2015 ஜூன் மாதம் மத்திய அரசு பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுத் திட்டத்தை அறிவித்தது. வீடு இல்லாத ஏழைக் குடும்பத்துக்குக் கூட்டு முயற்சியில் கட்டப்படும் வீட்டுக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சம், மகாராஷ்டிர அரசு ஒரு லட்சம், ஆக இரண்டரை லட்சம் மானியம். வீடு குடும்பத் தலைவியின் பெயரில் இருக்க வேண்டும், அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்று விதி. நல்ல விதிதான். இதைப் படித்துவிட்டுத்தான் 2016-இல் நாம் வீட்டுச் சேமிப்புக் குழுவைத் தொடங்கினோம். மானியம் அரசு தரும். முன்பணம் யார் தருவார்கள்? நாமேதான் சேர்க்க வேண்டும்.

இது நாம் கண்டுபிடித்த வழி அல்ல. இந்த நகரத்தின் நடைபாதைப் பெண்கள் நமக்கு முன்பே காட்டிய வழி. 1981 ஜூலையில், நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்புவோம் என்று மாநில அரசு அறிவித்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். வறட்சியால் வேலை இழந்து 1961-இல் பம்பாய்க்கு வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட ஒரு மறைப்புக்காக ஒரு பேட்டை ரவுடி அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கியதாக அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பெயர். 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பிழைப்பு நடத்தும் உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். ஆனாலும் நோட்டீஸ் கொடுத்து, மழைக்காலம் கழிந்த பிறகு அகற்றலாம் என்றும் எழுதினார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தது போலத்தான்.

அப்போது பைகுலா நடைபாதைப் பெண்கள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 1986-இல் மகிளா மிலன் என்று கூட்டமைப்பு கட்டினார்கள். தினமும் கைக்கு வந்த சில்லறையைச் சேர்த்தார்கள். தங்களைத் தாங்களே எண்ணிக் கணக்கெடுத்தார்கள். எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று மாதிரி வீட்டைக் கட்டி நிறுத்திக் காட்டினார்கள். அவர்களோடு நின்றவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, பம்பாய் ஜனதா காலனியில் குடிசைவாசியாக வாழ்ந்து, 1976-இல் அந்தக் காலனி இடிக்கப்பட்டபோது தானும் இடம்பெயர்ந்தவர். 2000-இல் மகசேசே விருது பெற்றார். 2018-இல் காலமானார். ஏழைகளுக்குத் தேவை பிச்சை அல்ல, கையில் ஒரு பாஸ்புத்தகமும் தங்களைப் பற்றிய ஒரு கணக்கும்தான் என்பதை இவர்கள் வாழ்ந்து காட்டினார்கள். 1995-இல் நடைபாதைவாசிகளும் மாற்று வீட்டுக்கு உரியவர்கள் என்று மாநிலக் கொள்கை ஏற்றது. சும்மா ஏற்கவில்லை, பத்தாண்டு விடாமல் நின்றதால் ஏற்றது.

இவ்வளவும் தெரிந்த நாம் என்ன செய்தோம்? இங்கேதான் எங்கள் பற்றுக் கணக்கு தொடங்குகிறது.

2016-இல் குழுவில் சேர விண்ணப்பம் அச்சடித்தோம். அதன் அடியில் ஒரு வரி: "கணவர் அல்லது தகப்பனார் கையொப்பம்". யார் சேர்த்தது, எதற்குச் சேர்த்தது என்று இன்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை. வழக்கம், அவ்வளவுதான். இட்லி அக்கா வந்தார். கையில் ஐந்நூறு ரூபாய் சில்லறையாகக் கட்டி எடுத்து வந்திருந்தார். நம் கமிட்டியில் ஒருவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே?" என்று கேட்டார்.

அக்கா சொன்ன பதிலை அப்படியே சொல்கிறோம். "அண்ணாச்சி, ரூம் வாடகைக்குக் கேட்டாலும் வீட்டுக்காரர் யாருன்னு கேக்காவ. வாடகை வசூலிக்க வாறவரையும் வீட்டுக்காரர்னுதான் சொல்லுதோம். எனக்கு ரெண்டு வீட்டுக்காரரும் ஆகாது. நான் வீட்டுக்காரி ஆகணும்னுதான் இங்க வந்தேன்."

நாம் சிரித்தோம். சிரித்துவிட்டு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தோம். தோழர்களே, அதுதான் நடந்தது. ஐந்து மாதம் கழித்து மகளிர் அணித் தோழியர் கமிட்டியில் சண்டை போட்ட பிறகே அவரைச் சேர்த்தோம். அதுவும் அவருக்கு மட்டும் விதிவிலக்கு என்று எழுதி. விதியை எடுக்கவில்லை.

நமது மொழியில் புருஷனுக்கும் வீட்டு உடைமையாளருக்கும் ஒரே சொல் இருப்பது பழைய சங்கதி. அந்தச் சொல்லை ஒரு தொழிலாளர் சங்கத்தின் விண்ணப்பத்தில் சட்டமாக்கியது நாம்.

சேமிப்பு நடந்தது. தினம் 50 ரூபாய். நம் தோழியர் ஒருவர் மாலையில் சந்து சந்தாகப் போய் வாங்கி, பாஸ்புத்தகத்தில் எழுதி, வாரம் ஒரு முறை தேசிய வங்கியில் போடுவார். மூன்று பெண்களின் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே வராது. 2018-இல் வீட்டுவசதிக் குலுக்கலுக்கு அக்கா விண்ணப்பித்தார். பெயர் விழுந்தது! சங்க அறையில் சுண்டல் கிண்டிக் கொடுத்தோம், நினைவிருக்கும்.

மூன்று வாரத்தில் சுண்டல் கசந்தது. ஆவணம் சரிபார்க்கும் இடத்தில், "திருமணமானவர் என்று எழுதியிருக்கிறீர்கள், கணவரின் ஆதாரும் பான் கார்டும் கொண்டு வாருங்கள். விவாகரத்து என்றால் நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டு வாருங்கள்" என்றார்கள். எட்டு ஆண்டாக ஆளே இல்லை, ஆதாருக்கு எங்கே போவது? ரேஷன் கார்டைக் காட்டினோம். பள்ளிக்கூடச் சான்றைக் காட்டினோம். இரண்டு பேர் சாட்சி சொல்கிறோம் என்றோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கெட்டவர் அல்ல. "எனக்குப் புரிகிறது, படிவத்துக்குப் புரியாதே" என்றார். தவணை முடிந்தது. வீடு அடுத்தவருக்குப் போயிற்று.

அன்று அக்கா எங்களைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். ஒன்றும் சொல்லாமல் மறுநாள் விடியலில் ஸ்டேஷன் வாசலில் நின்றார். இட்லிக்குக் காசு கொடுத்தபோது, "ஒங்க படிவத்துலயும் இதத்தான கேட்டீய" என்றார். அவ்வளவே.

பிறகு வேலையில் இறங்கினோம். இதைச் சகோதரிகள் குறித்துக்கொள்ள வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண் என்ற ஒரே காரணத்தால் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வருமான வரம்பு கிடையாது. இந்து திருமணச் சட்டப்படி இரண்டு ஆண்டு தொடர்ந்து கைவிட்டுப் போயிருந்தால் அதுவே விவாகரத்துக்குக் காரணம். கிறிஸ்தவச் சகோதரிகளுக்கும் 2001 திருத்தத்துக்குப் பிறகு அதே இரண்டு ஆண்டுதான். 2019-இல் குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டோம். ஊர் முகவரிக்குச் சம்மன் போய்த் திரும்பி வந்தது. பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க உத்தரவானது. அதற்குள் 2020 மார்ச் வந்தது.

ஊரடங்கை உங்களுக்கு விளக்க வேண்டாம். ஸ்டேஷன் வாசல் வெறிச்சோடியது. நீதிமன்றம் மூடியது. மூன்றாம் மாதம் அக்கா வந்து, வீட்டுப் பணத்தில் 12,000 ரூபாய் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கையெழுத்துப் போடும் மூன்று பெண்களும் அழுதுகொண்டே போட்டார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டியதும் தினச் சேமிப்பை 100 ரூபாயாக உயர்த்திக்கொண்டார். 2022-இல் ஒருதலைத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு நகலை வாங்கிய அன்று அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. நாலு ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னார். அவ்வளவுதான்.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருந்தது. குலுக்கலுக்கு இந்த மாநிலத்தில் 15 ஆண்டு வாழ்ந்ததற்கு டொமிசைல் சான்று வேண்டும். பதினோரு மாதத்துக்கு ஒரு முகவரி மாறியவரிடம் 15 ஆண்டுக்கு என்ன அத்தாட்சி இருக்கும்? பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்று, தடுப்பூசி அட்டை, பழைய ரேஷன் கார்டு, நம் சேமிப்புப் பாஸ்புத்தகம் என்று ஒவ்வொன்றாகக் கோத்துத்தான் வாங்கினோம். வாடகை வீட்டுக்காரர்கள் ரசீது தரமாட்டார்கள். ஆகவே காகிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். மின்சார பில்லோ, மருத்துவமனைச் சீட்டோ, எதுவானாலும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஊர்ச் சொத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். இவர்கள் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் கெட்டிக் கட்டட வீடு இருக்கக் கூடாது. அப்பா அம்மா பெயரில் ஊரில் வீடு இருப்பது உங்களைத் தடுக்காது. ஆனால் அந்த வீட்டில் உங்கள் பெயரும் ஏறியிருந்தால் சிக்கல் வரும். ஊருக்குப் போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி பணக் கணக்கு. 2023-இல் விண்ணப்பித்தார், விழவில்லை. 2024-இல் கல்யாண் பக்கம் மீதியிருந்த வீடுகளை முன்னால் வந்தவர்க்கு முதலில் என்று கொடுத்தபோது ஒரு வீடு ஒதுக்கப்பட்டது. மானியம் கழித்து 15 லட்சம். அதில் 5 லட்சம் கையிலிருந்து. எட்டு ஆண்டுச் சேமிப்பு, குழுவின் லாபப் பங்கோடு சேர்த்து 1,90,000. கழுத்துச் சங்கிலி விற்றது 1,20,000. அண்ணன் கொடுத்தது 40,000. குழு கொடுத்த வட்டியில்லாக் கடன் 1,50,000. மீதி 10 லட்சத்துக்கு வங்கிக் கடன்.

மூன்று இடத்தில் மறுத்தார்கள். சம்பளச் சீட்டு எங்கே, வருமான வரிக் கணக்கு எங்கே என்றார்கள். நாலாவது இடத்தில் ஓர் இளைஞர் விஷயம் புரிந்தவர். இட்லி டப்பாவில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டை வழியாக வந்த பணத்தின் இரண்டாண்டு வங்கிக் கணக்கையும், நம் பாஸ்புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தார். பி.காம். முடித்து வேலைக்குப் போகும் மகள் கூட்டாகக் கையெழுத்துப் போட்டாள். கடன் கிடைத்தது. 20 ஆண்டு, மாதம் ஏறத்தாழ 9,000 ரூபாய். பத்துப் பத்து ரூபாயாக நீங்கள் ஸ்கேன் செய்து கொடுத்தீர்களே, அதுதான் அவருடைய சம்பளச் சீட்டு.

ஆனால் தோழர்களே, கதை முடிந்துவிட்டது என்று கை தட்டிவிடாதீர்கள். சாவி இன்னும் வரவில்லை. கட்டடத்தில் தண்ணீர் இணைப்பு வேலை பாக்கி இருக்கிறது. சாவி வரும் வரை இங்கே 6,500 வாடகை, அங்கே 9,000 தவணை. இரண்டு படகில் கால். மகன் ஐ.டி.ஐ. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறான். அவனை நிறுத்தவிடக் கூடாது. இதுதான் இன்றைக்கு நம் முன்னால் இருக்கும் அவசர விஷயம்.

தூரமும் ஒரு சங்கடம்தான். கல்யாணிலிருந்து இங்கே வர நாற்பது கிலோமீட்டர். ஸ்டேஷனுக்கு வரவே ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். இரவு இரண்டரைக்கு மாவோடு எந்த ரயிலில் வருவது? ரயில்வேக்காரர்களான எங்களுக்கே பதில் இல்லை. அக்கா அந்தப் பக்கமே புதிதாகக் கடை போடப் பார்க்கிறார். 15 ஆண்டு சேர்த்த வாடிக்கையை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. மலிவு வீடு என்றால் ஊருக்கு வெளியேதான் என்று ஏன் இருக்க வேண்டும்? பிழைப்பு இருக்கும் இடத்தில் இருப்பதுதான் உயிர் வாழ்வது என்று அந்தச் சேலத்துத் தொழிலாளி 1981-இல் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அதை நாம் தொடர்ந்து கேட்க வேண்டும்.

2024-இல் வந்த இரண்டாம் கட்டத் திட்டத்தில் விதவைகளுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் முன்னுரிமை என்று எழுதியிருக்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் தனித்து விடப்பட்டவள் என்பதை நிரூபிக்கவே மூன்றாண்டு நீதிமன்றம் போக வேண்டுமென்றால் முன்னுரிமை காகிதத்தில்தான் இருக்கும். கைவிடப்பட்ட பெண்ணின் உறுதிமொழியையும் உள்ளூர் விசாரணையையும் ஏற்க வேண்டும் என்று நாம் கோரிக்கை வைக்க வேண்டும்.

அப்படிக் கோருவதற்கு முன்னால் நம் வாசலைப் பெருக்குவோம். ஆகவே நான்கு தீர்மானங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது: சங்கத்தின் எந்தப் படிவத்திலும் கணவர் கையொப்பம், தகப்பனார் கையொப்பம் என்ற வரி இனி இருக்கக் கூடாது. உறுப்பினர் அட்டை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே.

இரண்டாவது: மாதத்தின் இரண்டாம் ஞாயிறு சங்க அறையில் காகித நாள். டொமிசைல், ரேஷன், இலவசச் சட்ட உதவி மூன்றுக்கும் உட்கார்ந்து எழுதித் தருவோம். நாங்கள் முறை வைத்து வருகிறோம்.

மூன்றாவது: வாடகையும் தவணையும் சேர்ந்து அழுத்தும் மாதங்களுக்காக, தனியாகப் பிள்ளை வளர்க்கும் உறுப்பினர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் கைமாற்று. சாவி வாங்கி ஆறு மாதம் கழித்துத் திருப்பினால் போதும். தொடக்க நிதிக்கு எங்கள் அலுவலகத் தோழர்கள் ஒரு நாள் சம்பளம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நான்காவது: குழுவில் இப்போது இருக்கும் 22 பேரில் ஏழு பேர் தனியாகக் குடும்பம் நடத்தும் தாய்மார்கள். அவர்களில் இருவரைக் கமிட்டியில் சேர்ப்பது. படிவத்தில் என்ன கேட்க வேண்டும், என்ன கேட்கக் கூடாது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இது தர்மம் அல்ல. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் நாங்கள் மட்டும் என்ன வாழ்கிறோம்? ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாங்களும் பதினோரு மாத அக்ரிமென்ட்டில் வந்து நிற்கப் போகிறவர்கள்தான். இந்த நகரத்தில் நாம் எல்லோரும் வாடகைக்காரர்கள்.

தீர்மானங்களை வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெண்களும் கையைத் தூக்க வேண்டும். யாரும் வீட்டுக்காரர் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.



(நான்கு தீர்மானங்களும் நிறைவேறின. மூன்றாவது தீர்மானத்தின் தொகையை 3,000-இலிருந்து 4,000 ஆக உயர்த்த வேண்டும் என்று மகளிர் அணி கொண்டுவந்த திருத்தமும் ஏற்கப்பட்டது.)